தேருக்குப் பக்கத்தில் ஆளில்லை

அன்று காலை பல்கூட விளக்கவில்லை. சிதம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு மனிதரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் கடலூர் ஓல்டு டவுன் பக்கம் ஒரு மாதா கோயிலில் தேர்த் திருவிழா. படம் எடுத்தது நான் இல்லை. என்னிடம் கம்ப்யூட்டரும் போட்டோ பிடிப்பதும் கற்றுக்கொள்ளும் பெண்கள், அந்தப் பங்கின், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின், இளம்பெண்கள் குழு. தேர் கிளம்பியதும் மெமரி கார்டுகளை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன்.

படங்கள் நன்றாக இருந்தன. சாமியார் தீர்த்தம் தெளிக்கும்போது துளிகள் காற்றில் நிற்கின்றன. வடம் பிடித்த கைகள் மட்டும் ஒரு படத்தில். சீரியல் லைட் ஒரு கிழவரின் மூக்குக் கண்ணாடியில் பச்சையும் சிவப்புமாக. எட்டு மாதம் முன்னால் மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் மேஜையை விட்டுத் தூக்கிய பிள்ளைகளா இவர்கள் என்று இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். அவர் பாதித் தூக்கத்தில் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. தேரு குடுத்தவரு எங்க?"

அப்போதுதான் தேட ஆரம்பித்தேன்.

அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் தேர்ச் செலவை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும். உபயதாரர் என்பார்கள். பவனி கிளம்பும் முன்னால் சாமியார் அவருக்கு மாலை போடுவார். ஜோடித்த தேருக்குப் பக்கத்தில் அவர் நிமிர்ந்து நிற்பார். அதை ஒரு படம் எடுத்து, ஃபிரேம் போட்டு, பங்கு மண்டபத்துச் சுவரில் மாட்டுவார்கள். அந்தச் சுவர் நிறைய அப்படிப் படங்கள் இருக்கின்றன. மாலை போட்ட மனிதர், பக்கத்தில் தேர். இன்னொரு மாலை போட்ட மனிதர், இன்னொரு வருஷத்துத் தேர்.

இந்த வருஷத்து உபயதாரர் என் மாணவி பெனிட்டாவின் அப்பா. லைன்மேன் அந்தோணி. தேருக்கு முன்னால் கேமராவோடு நின்றவள் பெனிட்டாவேதான். அவள் கார்டில் அவள் அப்பா இல்லை.

முன்னும் பின்னும் போனேன். அழித்துவிட்டாளோ என்று கோப்பு எண்களைப் பார்த்தேன். எண்கள் விட்டுப்போகாமல் வரிசையாக இருந்தன. நேரத்தைப் பார்த்தால் மட்டும் நடுவில் சில நிமிஷம் ஓட்டை. தீர்த்தம் தெளித்ததற்கும் வடம் பிடித்ததற்கும் நடுவே அவள் விரல் பட்டனைத் தொடவே இல்லை. இன்னொரு கேமரா வைத்திருந்த சுகன்யா மாடியில் நின்று கூட்டத்தை எடுத்தாள். அவள் படத்தில் தேரின் கோபுரம் தெரிகிறது. அந்தோணி நின்ற இடத்தைத் தேரே மறைத்துக்கொண்டிருக்கிறது.

சிஸ்டர் அமலாவுக்குப் போன் போட்டேன். அந்தக் குழுவை நடத்தும் கன்னியாஸ்திரீ. என்னை அங்கே கூட்டிப்போனவரும் அவர்தான்.

"சிஸ்டர், தேரு ஜோடனைய பிரிச்சிட்டாங்களா?"

"பூசை நடக்குதும்மா. முடிஞ்சதும் கொடியிறக்கம். அப்புறந்தான் பிரிப்பாங்க. ஏன்?"

"பிரிக்க வேணாம்னு சொல்லுங்க. நான் வரேன்."

"அவுங்களுக்கு இன்னைக்கே வடலூர் பக்கம் வேற தேரு இருக்காம். நான் சொன்னா கேப்பாங்களா?"

அதற்குள் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

உட்காராத டீச்சர்

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. கீழவீதிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைனராக வேலைக்குச் சேர்ந்தபோது, முதலாளி என் நாற்காலியை எடுத்துவிட்டு ஸ்டூல் போட்டார். "எழுந்து எழுந்து போறதுக்கு நாற்காலி எதுக்கு?" என்றார். நின்றுகொண்டே மவுஸ் பிடித்து ஆயிரக்கணக்கான கல்யாண ஆல்பம் செய்தேன். இப்போது அதே வேலையை வீட்டில் இருந்து செய்கிறேன். இப்போதும் இட்லி வேகிற நேரத்துக்குள் மூன்று தடவை வாசலுக்குப் போய்விட்டு வருவேன்.

சிஸ்டர் அமலா ஒரு ஆல்பம் வேலைக்காக வந்தவர். நான் கம்ப்யூட்டரில் செய்வதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "எங்க புள்ளைங்களுக்கு இத சொல்லித் தருவீங்களா?" என்றார். யோசிக்காமல் சரி என்றேன். யோசிப்பதற்கும் உட்கார வேண்டுமே.

அப்படியாகச் சனிக்கிழமை தோறும் சிதம்பரத்திலிருந்து கடலூர். பங்கு மண்டபத்தில் யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டர்கள், சேலை போர்த்தி வைத்திருந்தார்கள். இரண்டு கேமரா. பெண்கள் பன்னிரண்டாவது முடித்தவர்கள், கல்லூரிக்குப் போகிறவர்கள், துணிக்கடையில் நிற்கிறவர்கள். மாதா கோயில் குழு என்றாலும் சுகன்யா மாதிரி அக்கம்பக்கத்து இந்துப் பிள்ளைகளும் உண்டு.

பெனிட்டாவைத் தவிர எல்லோரிடமும் போன் இருந்தது. போனில் அவர்கள் விரல் போகும் வேகம் எனக்கு வராது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் விரைத்துப் போவார்கள். சேவ் செய்யச் சொன்னால் செய்வார்கள், எங்கே சேவ் ஆனது என்று தெரியாது. "எங்கயோ உள்ள இருக்கு மிஸ்" என்பார்கள். ஃபோல்டர் என்றால் என்ன என்று புரிய வைக்க, மண்டபத்துப் பீரோவைத் திறந்து, பாட்டுப் புத்தகம் ஒரு தட்டு, மெழுகுவர்த்தி ஒரு தட்டு என்று அடுக்க வைத்தேன். சிஸ்டருக்குப் பீரோ சுத்தமானதில் சந்தோஷம்.

பெற்றவர்களுக்கு வேறு கவலை. பெண்பிள்ளை முகம் எங்கேயாவது எவன் போனுக்காவது போய்விடுமோ என்று. முதல் வாரம் நாலைந்து அம்மாக்கள் பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இரண்டு பேர் பிள்ளையை நிறுத்தியே விட்டார்கள். மகள் கழுத்தில் கேமராவை மாட்டி, வாரை அளந்து, "கீழ போட்டுடாத, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போன ஒரே ஆள் அந்தோணி.

முழங்கை

ஸ்கேனிங் சொல்லிக்கொடுக்கும் வாரம் வந்தது. என்ன ஸ்கேன் செய்வது? சுவரில் மாட்டியிருந்த பழைய உபயதாரர் படங்களைக் கழற்றச் சொன்னேன். பூஞ்சை பிடித்திருந்தது. பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகச் சுத்தம் செய்வதுதான் பயிற்சி. ஃபிரேமுக்குள் மடங்கிக் கிடந்த ஓரங்களும் ஸ்கேனில் வந்தன.

பெனிட்டா ஒரு படத்தின் ஓரத்தில் நின்றுவிட்டாள்.

"மிஸ், இத அழிக்கணுமா?"

பார்த்தேன். மாலை போட்ட ஒரு பெரிய மனிதர், தேர். வலது ஓரத்தில் ஒரு முழங்கையும் மூங்கில் கழியும்.

"ஆமா. அது யாரோ குறுக்க வந்துட்டாங்க."

"இது எங்கப்பா மிஸ்."

தேர் உயரம். தெருவில் மின்கம்பி தாழ்வு. தேர் நகரும்போது கரண்டை நிறுத்திவிட்டு, கழியால் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லைன்மேன் முன்னால் போக வேண்டும். அந்த ஏரியா லைன்மேன் அந்தோணி. சொந்தப் பங்குத் திருவிழா, கேட்காமலே வருவார். அடுத்த படத்தைப் பெரிதாக்கினாள். அதில் தோள். அதற்கடுத்ததில் கழியின் நுனியும் இரண்டு விரலும். வருஷா வருஷம் போட்டோக்காரர் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார். அவரும் தள்ளிப் போயிருக்கிறார். முழுசாகப் போவதற்குள் சில சமயம் படம் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அந்தோணி வீட்டுத் தெரு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். தேர் கேட் வரைக்கும் வந்து திரும்பிவிடும். அந்தத் தெருவில் தேர் திரும்ப இடமில்லை என்று காரணம் சொல்வார்கள். நானும் போய்ப் பார்த்திருக்கிறேன், தண்ணீர் லாரி திரும்புகிற தெரு அது. சுவரில் இருந்த அத்தனை ஃபிரேமிலும் அந்தத் தெருக்காரர் ஒருவர்கூட இல்லை.

அன்றைக்கு நான் அந்த முழங்கையை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் வாசலில் நின்றேன். கோபம் வந்தால் எனக்குக் கால் முதலில் எழுந்துவிடும்.

அவருடைய மூத்த மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும், இந்த வருஷத் தேரைத் தான் கொடுப்பதாக அந்தோணி கேட்டார். பல வருஷமாகக் கேட்டு, பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லப்பட்ட விஷயம். இந்த முறை சாமியார் புதியவர். சரி என்றுவிட்டார். தேர் எப்போதும்போல ரயில்வே கேட் வரைக்கும்தான். ஆனால் உபயம் அந்தோணி. சுவரில் அந்தோணி.

படம் எடுக்கும் வேலையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று சிஸ்டர் பேசி வாங்கினார். பங்குப் பேரவைச் செயலாளர் சவரிமுத்து சாருக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. ஓய்வு பெற்ற வாத்தியார். "பொம்பளப் புள்ளைங்க தேருக்கு முன்னாடி, ஆம்பளைங்க நடுவுல எப்படி நிக்கும்?" என்று கேட்டார். "காலால நிக்கும் சார்" என்றேன். சிஸ்டர் என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

என் சட்டம்

பஸ்ஸில் உட்கார்ந்தபோது என்னை அரித்தது இதெல்லாம் இல்லை. நான் போட்ட ஒரு சட்டம்.

கேமராவைக் கையில் கொடுத்த முதல் இரண்டு மாசமும் கார்டு நிறைய வந்தது என்ன? தம்பி. தம்பி சாப்பிடுகிறான், தம்பி தூங்குகிறான். அப்புறம் பெரியம்மா மகள், அவள் வளைகாப்பு, வீட்டுப் பூனை. வெளியே போய் முன்பின் தெரியாத ஒரு மீன்காரம்மாவிடம் "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்க ஒருத்திக்கும் வாய் வரவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இனிமே சொந்தக்காரங்கள எடுக்கக் கூடாது. கேமராவ கையில எடுத்துட்டா நீங்க யாருக்கும் பொண்ணு கிடையாது, அக்கா கிடையாது. போட்டோகிராஃபர். அவ்ளோதான்."

வேலை செய்தது. துறைமுகத்துக்குப் போனார்கள், மார்க்கெட்டுக்குப் போனார்கள். சுகன்யா ஒரு கீரைக்காரியோடு சிநேகமாகி வாராவாரம் ஓசிக் கீரை கொண்டுவந்தாள். சட்டத்தை யாராவது மீறினால் மற்றவர்களே காட்டிக்கொடுத்தார்கள். பெனிட்டா ஒரு தடவைகூட மீறவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்யும் பெண் அவள். லென்ஸைத் துடைக்கச் சொன்னால் மூடியையும் துடைப்பாள்.

அதுதான் என்னைக் கொன்றது. திருவிழாவுக்கு முன்னால் எல்லாம் சொல்லியிருந்தேன். பேட்டரி, கார்டு, எங்கே நிற்க வேண்டும், விளக்கு வெளிச்சத்தில் எப்படி வைக்க வேண்டும். உபயதாரர் படம் முக்கியம் என்றும் சொன்னேன். அப்பா என்றால் மட்டும் சட்டம் இல்லை என்று தனியாகச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எவளுக்குத் தோன்றும்?

பி.முட்லூரில் பஸ் நின்றது. ஆள் ஏற்றியது. இன்னும் நின்றது. கண்டக்டர் டீ குடித்தார். நான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றேன்.

"உக்காருங்கம்மா, சீட்டு இருக்குல்ல?"

"நிக்கிறேன். வண்டிய எடுங்க."

"நீங்க நின்னா வண்டி சீக்கிரம் போவுமா?"

போகாது. தெரியும். ஆனாலும் புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் நின்றுகொண்டேதான் போனேன். அந்தோணியின் போனுக்கு அடித்தால் எடுக்கவில்லை. பெனிட்டாவிடம் தனிப் போன் கிடையாது. கடலூர் தொழிற்பேட்டையின் கெமிக்கல் வாசனை மூக்கில் ஏறியதும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

வெட்டி ஒட்டும் வேலை

பஸ்ஸில் வரும்போதே எனக்கு இன்னொரு வழியும் தோன்றியிருந்தது. மறைக்காமல் சொல்கிறேன். அது என் தொழில்.

எங்கள் பக்கம் கல்யாண ஆல்பத்தில் இது சாதாரணம். பெண்ணுக்கு அப்பா இல்லை என்றால், பழைய ஃபோட்டோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ரேஷன் கார்டுக்கு எடுத்த படமாகக்கூட இருக்கும். அந்தத் தலையை வெட்டி, பட்டு வேட்டி கட்டிய வேறொருவர் உடம்பில் வைத்து, மணமேடையில் பெண்ணுக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். தோள் நிழல் சரியாக விழ வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி. ஆல்பத்தைத் திறந்து பார்த்துவிட்டு என் முன்னாலேயே கதறிய அம்மாக்கள் உண்டு. அக்கா, எங்கப்பா வந்துட்டாரு என்று என் கையைப் பிடித்துக்கொண்ட பெண்ணும் உண்டு.

அந்த வித்தையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். சுகன்யா தன்னைக் கொண்டுபோய் ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், காலில் ரப்பர் செருப்போடு.

ஆகவே ஒன்றுமே முடியாவிட்டால் அந்தோணியை ஒட்டிவிடலாம். தேர் படம் இருக்கிறது. அவரை மட்டும் தனியாக எடுத்தால் போதும். இப்படி நினைத்து மனசைச் சமாதானம் செய்துகொண்டே ஆட்டோவில் ஏறினேன்.

பாதித் தேர்

நான் போய் இறங்கியபோது கொடியை இறக்கிவிட்டார்கள். தேரில் ஏணி சாத்தியிருந்தது. தெருப்பக்கம் பூ அப்படியே இருந்தது. கோயில் பக்கம் முழுக்க உரித்துவிட்டார்கள். ஒட்டுப்பலகையும் சணல் கயிறும் ஆணி அடித்த சட்டமும் தெரிந்தன. மேலே ஒருவர் சீரியல் லைட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கெஞ்சிக் கெஞ்சி மீதியை நிறுத்தி வைத்திருந்தார். ஜோடனைக்காரர்கள் கடுப்பில் பீடி பற்ற வைத்திருந்தார்கள்.

அந்தோணி நின்றிருந்தார். நேற்றைய பட்டுக்கரை வேட்டி, வேறு சட்டை. கொஞ்சம் தள்ளி பெனிட்டா, கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சிஸ்டர் பெனிட்டாவைக் கேட்டிருக்கிறார், படம் இல்லாத விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

சவரிமுத்து சார் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன். ஸ்டூடியோக்காரனயே கூப்ட்டிருக்கணும். சின்னப் புள்ளைங்க வெளையாட்டா போச்சு. சரி, ஆனது ஆச்சு. நீங்கதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்ணுவீங்களே. இவர தேரு பக்கத்துல ஒட்டி வுட்ருங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கும் அதே யோசனைதானே. தலையாட்டினேன்.

"ஒட்டிடலாம் அண்ணே. கொஞ்சம்கூட தெரியாது. நான் பொறுப்பு."

அந்தோணி என்னைப் பார்த்துக் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"செத்தவங்களத்தான மேடம் அப்படி ஒட்டுவீங்க?"

ஆட்டிய தலையை நிறுத்தினேன்.

"நான் நேத்து இங்கதான் நின்னேன். மால போட்டாங்க. ஊரே பாத்துது. நின்னவன எதுக்கு ஒட்டணும்? படம் இல்லன்னா இல்லாமயே போவட்டும்."

சவரிமுத்து சார் கையை விரித்தார். ஜோடனைக்காரர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, அவள ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுது. சொந்தக்காரங்கள எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டேன். பாவம், அது சொன்னபடி செஞ்சிருச்சு."

"அதுனால இல்ல மிஸ்" என்றாள் பெனிட்டா.

எல்லோரும் திரும்பினோம். அவள் கேமரா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சட்டம் ஞாபகமே வரல மிஸ். எடுக்கத்தான் நின்னேன். ஜூம்ல கிட்ட இழுத்து வெச்சுப் பாத்தேன். அப்பா அழுதுகிட்டிருந்தாரு."

மூடியை அழுத்தி மூடினாள்.

"மூஞ்சி நேராத்தான் வெச்சிருந்தாரு. கண்ணுலேருந்து ஊத்துது. அவரு தொடைக்கக்கூட இல்ல. நான் எங்கப்பா அழுது பாத்ததே இல்ல மிஸ். அத எடுத்தா இங்க செவுத்துல மாட்டுவாங்க. வருஷம் பூரா எல்லாரும் பாப்பாங்க. பாத்துட்டு, தேரு குடுத்ததுக்கே அழுதான் பாருன்னு சொல்லிச் சிரிப்பாங்க. அதான் கேமராவ எறக்கிட்டேன்."

சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சவரிமுத்து சார் செருப்பைப் பார்த்தார். சிரிப்பார்கள் என்று அவள் சொன்னது யாரை என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

எனக்குக் கால் எழவில்லை. ஆல்பம் ஆல்பமாக அழுகையை எடுத்துப் பார்த்தவள் நான். பெண்ணைத் தாரை வார்க்கும்போது அப்பா அழுதால் லென்ஸ் அங்கேதான் போக வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பால பாடம். அதை இறக்கவும் செய்யலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவள் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அந்தோணி மகளிடம் போனார். தோளைத் தொடவில்லை, தலையைத் தடவவில்லை. எதிரில் நின்றார்.

"நீ எறக்குனத நான் பாத்தேன் பாப்பா."

பெனிட்டா நிமிர்ந்தாள்.

"எல்லாரையும் எடுத்துக்கிட்டு வருது, என்கிட்ட வந்ததும் எறக்கிடுச்சேன்னு பாத்தேன். ராத்திரி பூரா தூக்கமில்ல. அப்பன் மாலையப் போட்டுக்கிட்டு நிக்கிறது புள்ளைக்கு வெக்கமா இருக்கு போலன்னு நெனச்சிட்டேன்."

"ஐயோ அப்பா."

அவ்வளவுதான் அவள் சொன்னது. பிறகு புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இப்ப எடு."

"இப்பவா?" என்றார் சவரிமுத்து சார். "பாதி பூவ உரிச்சாச்சேய்யா. சரி, தெருப்பக்கமாவது போய் நில்லு. அங்கதான் பூ இருக்குது."

அந்தோணி தெருப்பக்கம் போய் நின்றார். என் கைப்பையிலிருந்த கார்டை வாங்கிப் போட்டுக்கொண்டு பெனிட்டா கேமராவைத் தூக்கிப் பார்த்தாள். எனக்கு இங்கிருந்தே தெரிந்தது, வெயில் அவருக்குப் பின்னால். முகம் கறுத்துப் போகும். பூவெல்லாம் இருக்கும், ஆள் நிழலாக நிற்பார். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் பட்ட பெரிய கஷ்டங்களில் அதுவும் ஒன்று.

அவள் கேமராவை இறக்கினாள். இந்த முறை யாரும் பயப்படவில்லை.

"அப்பா, அந்தப் பக்கம் வாங்க. உரிச்ச பக்கம்."

"அங்க வெறும் பலகைதான இருக்கு?"

"இருக்கட்டும். அங்கதான் உங்க மூஞ்சி தெரியுது."

அவர் நடந்து வந்து ஒட்டுப்பலகைக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு செவ்வந்திச் சரம் அறுபட்டுத் தொங்கியது. ஜோடனைக்காரர் அதை எடுக்கப் போனார், பெனிட்டா வேண்டாம் என்று கை காட்டினாள். அந்தோணி நிமிர்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தவித்து, பக்கவாட்டில் விட்டார். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை. அது அவளுக்கும் அவருக்கும் நடுவில் இருந்த விஷயம். அவள் எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். குனிந்து, கொஞ்சம் கிட்டப் போய் இன்னொன்று.

மாலை கூட இல்லாத அந்தப் படத்தையா மாட்டுவது என்று பேரவையில் பேச்சு வந்ததாம். சாமியார் ஃபிரேமுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டாராம். இப்போது அது மண்டபத்துச் சுவரில் இருக்கிறது, எங்கள் கம்ப்யூட்டர்களுக்கு நேர் மேலே. நான் அதில் வெளிச்சத்தைக்கூடத் திருத்தவில்லை.

போன சனிக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, மண்டபத்தில் கல்யாண வரவேற்புக்கு இடம் கேட்டு யாரோ வெளியூர்க்காரர்கள் வந்தார்கள். மின்விசிறி ரிப்பேருக்காக அந்தோணி ஏணியில் நின்றிருந்தார். வந்தவர்களில் ஒருவர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதான? ஏங்க, எல்லாப் படத்துலயும் தேரு நல்லா ஜோடிச்சிருக்கு. உங்களுது மட்டும் ஏன் இப்படி பலகையா தெரியுது?"

அந்தோணி திருகாணியை வாயிலிருந்து எடுத்தார்.

"அத எடுத்தது எம்பொண்ணு" என்றார்.